குடுவைக்குள் ஓர் உலோகம்

வில்லியனூர் மண் வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். சென்ற முறை அங்கே ஒரு குயவர் வீட்டு வாசலில் நின்றபோது, அவர் களிமண் குழைக்கத் துத்தநாகம் பூசிய இரும்பு வாளியிலிருந்து நீர் மொண்டுகொண்டிருந்தார். "இந்த வாளி வந்துதாங்க எங்க பானையைக் கெடுத்துது" என்று சிரித்தார். எனக்கோ வேறொன்று நினைவுக்கு வந்தது. அந்தத் துத்தநாகத்தை நம் நாட்டில் பிடித்துக் கொடுத்ததே ஒரு மண் குடுவைதான்!

ராஜஸ்தானத்தில் உதயப்பூருக்குத் தெற்கே, ஆரவல்லி மலைகளுக்கு இடையே ஜாவர் என்று ஓர் ஊர். அங்குள்ள டோலமைட் பாறையில் துத்தநாகமும் ஈயமும் கந்தகத்தோடு கூடித் தாதுவாகக் கிடக்கின்றன. பழைய சுரங்கங்களில் கிடைத்த மரத் துண்டுகள் சில 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை.

தாதுவை வெட்டி எடுத்துவிடலாம். அதை உலோகமாக்குவதுதான் பெரும் பாடு. செம்பு உலையடியில் உருகித் தங்கும். துத்தநாகமோ 907 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். தாதுவிலிருந்து அதைப் பிரிக்கவோ அதற்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆகவே பிறந்த கணமே புகையாகி, காற்றுப் பட்டதும் வெறும் வெள்ளைப் பொடியாகிவிடும்.

ஜாவர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? கத்தரிக்காய் வடிவில் மண் குடுவை செய்தார்கள். வறுத்த தாதுவை அதில் திணித்து, வாயில் ஒரு மண் குழாயைப் பொருத்தினார்கள். பிறகு 36 குடுவைகளை ஒரே உலையில் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். கவிழ்த்தால் தாது கொட்டிவிடாதா? அதற்கு ஒரு குச்சியைச் செருகி வைத்தார்கள். அது எரிந்துபோய் ஆவிக்கு வழி விட்டது. மேலே நெருப்பு, கீழே குளிர்ந்த அறை. கீழிறங்கிய ஆவி துளித் துளியாக உலோகமாயிற்று. 14ஆம் நூற்றாண்டளவில் அது பெருந்தொழிலாகவே நடந்தது. 1983இல் ஆய்வாளர்கள் அந்த உலைகளைக் குடுவைகளோடு தோண்டிக் கண்டார்கள்.

இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் என்பவர், இதுபோலவே ஆவியைக் கீழ்நோக்கி வடிக்கும் முறைக்கு 1738இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. ஜாவர்க் குயவர்களில் ஒருவர் பெயராவது உண்டா? இல்லை. ஒரே முறை பயன்பட்டு எறியப்பட்ட குடுவைகள் மட்டும் மேடு மேடாய்க் கிடக்கின்றன. ஊரார் அவற்றை அடுக்கி வீட்டுச் சுவர் எழுப்பினார்கள்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த உலைகள் அணைந்தன. இன்று அதே மலைகளை இயந்திரங்கள் குடைகின்றன.

இதையெல்லாம் வில்லியனூர்க் குயவரிடம் சொன்னேன். அவர் வாளியைச் சற்று நேரம் பார்த்தார்.

"அப்போ இது எங்க புள்ளதானா?" என்றார்.