பறக்கத் தெரியாத ஒரு ஹீரோவும் 25,432 கைகளும்

மைசூருக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் எங்கள் வீட்டு டூர் புரோகிராம் ஒன்றுதான். அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சிசாலை, கடைசியாகப் பிலோமினா கோயில். போன மாதம் தூத்துக்குடியிலிருந்து அம்மா வந்திருந்தார்கள். வழக்கம்போல் கடைசி ஸ்டாப்புக்குப் போனோம்.

புனித பிலோமினா பேராலயத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி. 1933-ல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய கோயில். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை மாதிரியாக வைத்து எழுப்பிய இரட்டைக் கோபுரம், ஒவ்வொன்றும் 175 அடி. பீடத்துக்குக் கீழே நிலவறையில் புனிதை படுத்திருக்கும் சுரூபம் இருக்கிறது.

சின்னவன் நாலாம் வகுப்பு. சட்டையில் ஸ்பைடர்மேன், கையில் மறைக்கல்வி வகுப்பு நோட்டு. அந்த வாரம் "உனக்குப் பிடித்த கிறிஸ்தவ ஹீரோவைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வா" என்று வீட்டுப்பாடம். நிலவறையில் நின்று அம்மா அவனுக்குப் பிலோமினா கதையைச் சொன்னார்கள். நங்கூரத்தைக் கட்டி ஆற்றில் தள்ளினார்களாம், தேவதூதர்கள் கயிற்றை அறுத்துக் காப்பாற்றினார்களாம். அம்பு எய்தார்களாம், அம்புகள் எய்தவர்கள் மேலேயே திரும்பிப் பாய்ந்தனவாம். பையன் கண்கள் விரிந்தன.

"அப்பா, இவங்களுக்குப் பவர் இருக்கு. அப்ப இவங்கதானே சூப்பர் ஹீரோ?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் படித்தது பி.காம். வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போட மனசு வராது. ரோம் நகரத்தின் பிரிசில்லா நிலவறைக் கல்லறைகளில் 1802 மே மாதம் ஓர் இளம்பெண்ணின் எலும்புகளும், பெயர் எழுதிய ஓடுகளும் கிடைத்தன. நங்கூரமும் அம்புகளும் அந்த ஓடுகளில் வரைந்திருந்த படங்கள். வாழ்க்கைக் கதை பின்னால் வந்தது. கல்லறைக்கு மேல் வேறு சரித்திரச் சான்று இல்லாததால் 1961-ல் திருச்சபை அவர் பெயரை வழிபாட்டு நாட்காட்டியிலிருந்து எடுத்தது. பக்தியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, மக்களும் நிறுத்தவில்லை. அம்மாவின் நம்பிக்கையில் கை வைக்க எனக்கும் விருப்பமில்லை. ஆனால் பையன் கேட்டது பவரைப் பற்றி. பவர் இருப்பவர்தான் ஹீரோ என்றால், பவர் இல்லாத நாம் எல்லாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஆட்கள் மட்டும்தானா?

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை வண்டியில் உட்கார வைத்து ஸ்ரீரங்கப்பட்டணம் கூட்டிப் போனேன். மைசூரிலிருந்து 15 கிலோமீட்டர்தான். எல்லோரும் திப்புவின் கோடைக்கால மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பக்கத்திலேயே கஞ்சாம் என்ற இடத்தில் ஒரு பழைய சிறிய தேவாலயம் இருக்கிறது. அபே துபுவா கோயில் என்றால் வழி சொல்வார்கள்.

ழான் அந்துவான் துபுவா பிரான்ஸ் நாட்டுக் குருவானவர். பிரெஞ்சுப் புரட்சி கொந்தளித்துக்கொண்டிருந்த 1792-ல் கப்பலேறிப் பாண்டிச்சேரி பக்கம் வந்து சேர்ந்தார். 1799-ல் திப்பு சுல்தான் போரில் இறந்து ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு, சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்க்க மைசூர் நாட்டுக்கு வந்தார். தலைப்பாகை கட்டி, இந்நாட்டு உடை உடுத்தி, இந்நாட்டுக்காரர் போலவே சாப்பிட்டு வாழ்ந்தவர். 1823 வரை இந்த மண்ணில்தான் இருந்தார். ஹாசன் பக்கம் சாத்தள்ளியில் ஏழைகளுக்கு விவசாயக் குடியிருப்பு அமைத்துக் கொடுத்தார்.

நிற்க. இப்போது கொஞ்சம் அம்மை நோய்க்குப் போக வேண்டும்.

பெரியம்மை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு முகமெல்லாம் தழும்பு, சிலருக்குக் கண் போனது. நம் பக்கம் வாசலில் வேப்பிலை செருகி, மாரியாத்தாளை வேண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1796-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்ற மருத்துவர், மாட்டம்மைப் பாலை மனிதர் கையில் கீறி வைத்தால் பெரியம்மை வருவதில்லை என்று சோதித்துக் காட்டினார். நாம் 'அம்மை குத்துதல்' என்று சொல்வது இதைத்தான்.

சரி, இந்தியாவுக்கு அதை எப்படிக் கொண்டு வருவது? ஃப்ரிட்ஜ் இல்லாத காலம். நூலில் தோய்த்துக் காயவைத்து அனுப்பினால் வழியில் வெயிலில் கெட்டுப்போகும். அதனால் ஒரு குழந்தைக்குக் குத்துவார்கள். எட்டாம் நாள் கொப்புளத்தில் பால் கட்டியதும் அதை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். அதிலிருந்து அடுத்தது. மருந்துப் புட்டியே குழந்தையின் கைதான். பாக்தாத், பஸ்ரா வழியாகக் கைக்குக் கை மாறி வந்த மருந்து, 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமியின் கையில் பிடித்தது. இந்தியாவில் முதல் கை அது. ரோமில் பிலோமினாவின் கல்லறை திறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தற்செயல்தான், ஆனாலும் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

அடுத்த வருஷம் ஸ்பெயின் அரசர் அமெரிக்கக் காலனிகளுக்கு மருந்து அனுப்பினார். அந்தக் கப்பலில் போனவர்கள் 22 அனாதைச் சிறுவர்கள். கடலில் எட்டு பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு இரண்டு பேராகக் குத்திக்கொண்டே போனார்கள். அவர்களில் பெரியவனுக்கே ஒன்பது, பத்து வயதுக்குமேல் இருக்காது. கிட்டத்தட்ட என் பையன் வயசு.

மைசூரில் இதற்குக் கடும் தயக்கம் இருந்தது. யாரோ ஒருவர் உடம்பிலிருந்து எடுத்ததை என் பிள்ளை உடம்பில் வைப்பதா என்ற சாதிக் கேள்வி ஒரு பக்கம். அம்மன் கோபித்துக்கொள்வாளே என்ற பயம் இன்னொரு பக்கம். நேற்றுவரை சண்டை போட்ட வெள்ளைக்காரன் ஏன் திடீரென்று நம் பிள்ளைக்கு நல்லது செய்கிறான் என்ற சந்தேகமும் இருந்திருக்காதா? கம்பெனி உத்தரவு போட்டு நடக்கிற காரியம் அல்ல. தெரிந்த முகம் ஒன்று வாசலில் வந்து உட்கார்ந்து பேச வேண்டும். அந்த முகங்களில் ஒன்று துபுவா. 1803-04-ல் மட்டும் அவர் முயற்சியால் அம்மை குத்திக்கொண்டவர்கள் என்று பதிவேட்டில் ஏறிய எண்ணிக்கை 25,432.

அரண்மனையும் சும்மா இருக்கவில்லை. 1805-ல் தாமஸ் ஹிக்கி வரைந்த ஓர் ஓவியத்தில் மூன்று பெண்கள் நிற்கிறார்கள். ரொம்ப நாள் நாட்டியக்காரிகள் என்றே நினைத்திருந்தார்கள். மைசூர் ராணிகள் என்று வாதிட்டவர் கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர் நைஜல் சான்சலர். ஒரு ராணி சேலையை விலக்கி மேற்கையைக் காட்டுகிறாள். ஊசி குத்திய இடத்தைக் காட்டி, நானே போட்டுக்கொண்டேன், நீங்களும் பயப்படாதீர்கள் என்று ஜனங்களுக்குச் சொல்கிற படமாம் அது.

இனி டெபிட் பக்கத்தையும் எழுதாவிட்டால் கணக்கு டேலி ஆகாது.

துபுவாவைப் பெரிய ஆளாக்கியது தடுப்பூசி அல்ல, புத்தகம். இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றி அவர் கொடுத்த கையெழுத்துப் பிரதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 2,000 நட்சத்திர வராகன் கொடுத்து வாங்கியது. 1816-ல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளியானது. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். பிறகு 1987-ல் சில்வியா முர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், அதன் பெரும்பகுதிக்கு மூலம் பாண்டிச்சேரியில் இருந்த கேர்து என்ற இயேசு சபைக் குருவின் பழைய எழுத்து என்று நிறுவினார். கேர்து 1779-லேயே இறந்துவிட்டார். அவர் உழைப்புக்குப் பெயரும் இல்லை, வராகனும் இல்லை. இது தவிர, நம் ஜனங்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் படிக்கக் கூசுகிற கடுமையான வார்த்தைகளும் உண்டு.

வந்த வேலையாவது நடந்ததா? அதுவும் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். 1823-ல் வெளியிட்ட கடிதங்களில், 25 வருஷ உழைப்பில் தன்னால் கிறிஸ்தவர்கள் ஆனவர்கள் இருநூறு முந்நூறு பேர்தான் என்று எழுதினார். அதே வருஷம் பாரிஸ் திரும்பினார். 1848-ல் இறந்தார்.

கஞ்சாம் கோயில் வாசல் படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பையனுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். காப்பி அடித்த விஷயத்தையும் மறைக்கவில்லை. அவன் முகம் சுருங்கிவிட்டது.

"காப்பி அடிச்சவர் எப்படிப்பா ஹீரோ?"

நியாயமான கேள்வி. ஏசு சொன்ன நல்ல சமாரியன் கதையை அவனுக்கு நினைவுபடுத்தினேன். அந்தச் சமாரியனுக்குப் பெயர் கிடையாது. அவன் நல்லவனா, மற்ற நாட்களில் என்ன செய்தான் என்று லூக்கா எழுதவில்லை. அற்புதம் எதுவும் செய்யவில்லை. கையிலிருந்த எண்ணெயும் திராட்சரசமும், ஒரு கழுதை, இரண்டு தெனாரியம் காசு. கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சத்திரக்காரனிடம் ஒரு வாக்கு. (பேங்க் பாஷையில் சொன்னால் கியாரண்டி!) அன்று வழியில் கிடந்தவனுக்கு அது போதுமானதாக இருந்தது. துபுவாவின் புத்தகத்துக்குச் சேர வேண்டிய பழி புத்தகத்துக்குச் சேரட்டும். பிழைத்த பிள்ளைகளின் கணக்கு தனிக் கணக்கு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அடிக்க முடியாது.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அந்த 25,432 பேர்ல சின்னப் பசங்க பேரு என்னப்பா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கைகளைப் பார்த்திருக்கிறான். எட்டு நாள் காய்ச்சலோடு கொப்புளத்தைச் சுமந்து, அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போன குழந்தைகள். பம்பாய் அன்னாவுக்காவது பெயர் மிஞ்சியது. மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை.

அந்தச் சங்கிலி நம் வீடுவரை வந்து முடிந்திருக்கிறது. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975 மே மாதம். 1980-ல் உலகத்திலேயே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனால்தான் என் கையில் அந்தத் தழும்பு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பையன் நேராக ஆச்சியிடம் போனான். "ஆச்சி, கையைக் காட்டுங்க." அம்மாவின் மேற்கையில் காசு அளவுக்கு ஒரு வட்டத் தழும்பு. தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்க வைத்துக் குத்தியதாம், அன்று ராத்திரி முழுக்க அழுதார்களாம். அவன் விரலால் தொட்டுப் பார்த்தான்.

மறைக்கல்வி நோட்டில் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனான். பிலோமினாவுக்கு நாலு வரி, துபுவா சாமியாருக்கு எட்டு வரி, பெயர் தெரியாத பிள்ளைகளுக்கு மீதி எல்லாம். கீழே ஒரு கை, அதில் ஒரு வட்டம்.

உங்கள் வீட்டிலும் அம்மாவோ மாமியாரோ இருந்தால், இன்று ஒருமுறை அந்தக் கையைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள். துபாயில் இருந்தாலும் டொரண்டோவில் இருந்தாலும் வீடியோ காலிலேயே தெரியும்.