மூடிய சுரங்கமும் திறந்த கல்வியும்

கோலார் தங்கவயலின் நந்திதுர்க், சாம்பியன் ரீப் முதலிய சுரங்கங்களில் நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், 1926இல் இத்தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. கல்வி மறுக்கப்பட்டோரின் வாயிலுக்கே அறிவு வந்து சேர்ந்தது.

2001 பிப்ரவரி 17இல், எங்கு வாழும் தமிழரும் கற்கத் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அதே மாதம் 28இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. 2017இல் நடுவணரசின் 'சுவயம்' பாடங்களும் வந்தன. அவற்றைக் கற்கக் கட்டணமில்லை. சான்றிதழ்த் தேர்வுக்கோ உண்டு. பாடங்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளன. நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் தங்கவயல் இளைஞருக்கு ஓய்வும் அரிது.

அன்று ஓர் இதழ் ஆற்றிய பணி இன்று நம்முடையது. கற்றவர் ஒருவர் மாலையில் நால்வரை உடனிருத்திப் பாடத்தைத் தமிழில் விளக்குவாராயின், கல்வியின் வாயில் மெய்யாகவே திறந்ததாகும்.