கப்பல் கடதாசியில் இல்லாமல் போன சவ்வரிசி

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

2021ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வாரமளவில், மே 20ஆம் திகதி, கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் தீ மூண்டது. அடுத்த நாள் இரவு கொரோனா பயணத்தடையும் வந்துவிட்டது. வீட்டுக்குள் அடைபட்டபடி கைபேசியில்தான் அந்தப் புகையைப் பார்த்தோம். 25ஆம் திகதி கப்பலில் பெரிய வெடிப்பு. பிறகு பமுனுகம, நீர்கொழும்புக் கரைகளில் வெள்ளை வெள்ளையாகச் சவ்வரிசி போன்ற மணிகள் முழங்கால் அளவுக்கு ஒதுங்கின. மீன்பிடிக்கத் தடை. "மீன் சாப்பிடலாமா?" என்று ஊரெல்லாம் கேள்வி. மீன் வியாபாரத்தை நம்பியிருந்த நம்மவர்கள் பட்டபாட்டை இங்கே விரிக்கத் தேவையில்லை.

பாடசாலை திறந்த பிறகு வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "ஸேர், அந்தக் கப்பலுக்குள்ள என்ன இருந்ததென்று யாருக்குமே தெரியாதா?"

தெரியும் என்றோம். அதற்கென்று ஒரு கடதாசி இருக்கிறது. ஆனால் அந்த அரைகுறைப் பதில் நமக்கே திருப்தி தரவில்லை. இந்தப் பதிவு அந்தப் பிள்ளைக்கான மீதிப் பதில்.

அபாயகரமான சரக்கைக் கப்பலேற்றுபவர் சில விடயங்களைக் கட்டாயம் எழுதிக் கொடுக்க வேண்டும். பொருளின் ஐநா இலக்கம், அதற்குரிய சரியான பெயர், அபாய வகுப்பு, எத்தனை பொதிகள், எவ்வகைப் பொதிகள், மொத்த அளவு எவ்வளவு. நைத்திரிக் அமிலம் என்றால் இலக்கம் 2031, வகுப்பு 8, அதாவது அரிக்கும் பொருள். வெடிபொருள் என்றால் பெட்டியின் நிறை மட்டும் போதாது, உள்ளே இருக்கும் வெடிமருந்தின் தேறிய நிறையையும் எழுத வேண்டும். வெடிக்கப்போவது மரப்பெட்டி அல்லவே! எந்தச் சரக்கு கப்பலில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியலும் கப்பலில் இருக்க வேண்டும். புறப்படுமுன் அதன் பிரதி துறைமுக அதிகாரிகளுக்குக் கிடைக்க வேண்டும்.

இந்த விதிகள் சும்மா வந்தவையல்ல. 1944 ஏப்ரல் 14, பம்பாய் விக்டோரியா துறை. போர்க்காலம். போர்ட் ஸ்டிகின் என்ற கப்பலில் ஏறத்தாழ 1,400 தொன் வெடிபொருட்கள். கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் அதே கப்பலில். பஞ்சில் தீப்பிடித்தது, பிறகு கப்பலே வெடித்துச் சிதறியது. அன்று இறந்த தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். இந்தியாவில் இன்றும் ஏப்ரல் 14 தீயணைப்புச் சேவை தினம்.

சரியாக மூன்று ஆண்டுகளும் இரண்டு நாட்களும் கழித்து, 1947 ஏப்ரல் 16. அமெரிக்காவின் டெக்சாஸ் சிற்றி துறைமுகத்தில் கிராண்ட்கேம்ப் என்ற பிரெஞ்சுக் கப்பல். உள்ளே 2,000 தொன்னுக்கு மேல் அமோனியம் நைத்திரேற்று, கடதாசிப் பைகளில். அங்கிருந்தவர்கள் அதை உரம் என்றே பார்த்தார்கள், உரம் போலவே கையாண்டார்கள். காலையில் புகை வந்தபோது, தண்ணீர் அடித்தால் சரக்குப் பழுதாகும் என்று கப்பலின் மூடிகளை அடைத்து நீராவி பாய்ச்சினார்கள். அமோனியம் நைத்திரேற்று தானே ஒட்சிசன் கொடுக்கும் பொருள். காற்றை அடைத்து அதன் தீயை அணைக்க முடியாது என்பது நம் உயர்தர இரசாயனவியல் பிள்ளைகளுக்குத் தெரியும். 9.12க்கு வெடித்தது. குறைந்தது 581 பேர் மரணம். அந்த ஊரின் தொண்டர் தீயணைப்புப் படையில் இருந்த 28 பேரில் 27 பேர் அதில் போனார்கள். பையில் இருந்ததைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

ஆபத்தான சரக்குகளுக்கான சர்வதேசக் கடல்சார் விதிக்கோவை 1965இல் வந்தது. முதலில் வெறும் பரிந்துரையாகத்தான். 2004இல்தான் அது கட்டாயமானது. இடையில் 39 ஆண்டுகள்.

விதி வந்தும் கதை முடியவில்லை. ஆபத்தான சரக்கு என்று எழுதினால் கட்டணம் கூட, கெடுபிடி கூட. ஆகவே வேறு பெயரில் எழுதி ஏற்றுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சரி, உண்மையாகவே எழுதினால்? பெய்ரூத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2013இல் ரோசஸ் என்ற கப்பலில் வந்து, 12ஆம் இலக்கக் களஞ்சியத்துக்குப் போன 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று. பெயரும் அளவும் கடதாசியில் தெளிவாக இருந்தன. சுங்க அதிகாரிகள் அதே அளவைக் குறிப்பிட்டு நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார்கள். 2020 ஆகஸ்ட் 4ஆம் திகதி மாலை களஞ்சியத்தில் தீ என்றதும் ஓடிய தீயணைப்புப் படையினர் பத்துப் பேர். உள்ளே என்ன இருக்கிறதென்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பத்துப் பேரும் திரும்பவில்லை. அந்த இலக்கம் கோப்புக்குள் ஆறு ஆண்டுகள் பயணம் செய்து, போக வேண்டிய கைக்கு மட்டும் போகவில்லை.

இனி நம் கடலுக்கு வருவோம். எக்ஸ்-பிரஸ் பேர்ளில் 1,486 கொள்கலன்கள். அவற்றுள் 81இல் அபாயகரமான சரக்கு. 25 தொன் நைத்திரிக் அமிலம் பட்டியலில் இருந்தது. அமிலம் கசிவதும் கொழும்புக்கு வருமுன்பே தெரிந்திருந்தது. கசியும் கொள்கலனை இறக்கித் தருமாறு கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் கேட்டு, இரண்டிலும் முடியாமல்தான் கப்பல் இங்கே வந்தது. மாலுமிகள் இருபத்தைந்து பேரும் உயிர் தப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் நம் கரையை நிரப்பியது அமிலம் அல்ல. அந்தச் சவ்வரிசி மணிகள். பிளாஸ்டிக் பொருட்கள் செய்யும் மூலப்பொருள், ஏறத்தாழ 1,680 தொன். அமிலத்தைப் போல அறுபது மடங்குக்கும் மேல்! தொடக்கத்தில் நம் காதுக்கு வந்த கணக்கோ வெறும் 78 தொன். ஏன் இந்தக் குழப்பம்? விதிக்கோவையின்படி பிளாஸ்டிக் மணி அபாயகரமான பொருளே அல்ல. தானாகப் பற்றாது, அரிக்காது, வெடிக்காது. ஆகவே ஆபத்தான சரக்குப் பட்டியலில் அதன் பெயரும் இல்லை, அளவும் இல்லை. சாதாரணச் சரக்கோடு சாதாரணச் சரக்காகவே அது வந்தது. இதில் யாரும் பொய் எழுதியதாகச் சொல்ல முடியாது, விதி கேட்காததை அவர்கள் எழுதவில்லை. மாலுமியையும் கப்பலையும் மனதில் வைத்துத்தான் அந்தப் பட்டியல் உருவானது என்பது நம் அபிப்பிராயம். கரையில் வலை வைத்திருப்பவர் அதற்குள் வரவில்லை.

நட்டஈட்டு வழக்குகள் தனிக் கதை. 2025 ஜூலையில் நம் உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் டொலர் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.

2024 மார்ச்சில் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் குழு பிளாஸ்டிக் மணிகளைப் பற்றி ஒரு சுற்றறிக்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. நல்ல உறுதியான பொதியில் கட்டுங்கள், சரக்குத் தகவலில் தெளிவாகக் குறிப்பிடுங்கள், முடிந்தவரை மேல்தளத்தில் வைக்காமல் கீழே அடுக்குங்கள் என்கிறது அது. அதுவும் பரிந்துரைதான், 1965இல் போல.

அந்தக் கேள்வி கேட்ட பிள்ளை இப்போது பாடசாலையை விட்டுப் போய்விட்டது. இந்தப் பதிவு கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை எழுது மகன். பமுனுகமப் பக்கம் போனால் ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார். மணி இன்னும் இருக்கிறதா என்றும் சொல்லு.