போடி மெட்டும் மூன்று கியர் ஜீப்பும்

போடிநாயக்கனூரிலிருந்து இடுக்கியின் ஏலமலைக்கு ஏறும் பாதையில் இன்று ஜீப்புகள் முக்கிக்கொண்டு செல்வதைக் காண்போர், மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் இம்மலையை விட்டு இறங்கிய விதத்தை அறிந்தால் ஆச்சரியப்படுவர். 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908-இல் குறுகிய ரயில் பாதை, டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடிப் பக்கம் ரோப்வே என்று அமைந்திருந்த அந்த ஏற்பாட்டில், ரயில் பாதையை 1924 ஜூலைப் பெருவெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. அதைத் திரும்பப் போட எவரும் முன்வரவில்லை.

சுதந்திரம் பெற்ற காலத்தையொட்டி மஹிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கிய பின்னர், யுத்தத்துக்கென்று பிறந்த அந்த வாகனம் ஏலத்தோட்டங்களுக்கே பிறந்ததுபோல் பொருந்திவிட்டது. ஆனால் புது ஜீப்பை வாங்கிய அன்றே மூட்டைகளோடு மலையேற்றுவது அக்காலத்தில் மகாபாதகம். புதிதாகக் கடைந்த சிலிண்டரின் சுவர் நுண்ணிய சொரசொரப்புடையது. பிஸ்டன் ரிங்குகள் அதில் உராய்ந்து உராய்ந்தே படியவேண்டும். உதிரும் இரும்புத்தூள் கலந்த முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிடவேண்டும். ஆகையால் முதல் சில நூறு மைல் வேகத்தை அடக்கி, பாரத்தைக் குறைத்து ஓட்டுவதே ‘ரன்னிங் இன்’ என்னும் சம்பிரதாயம். மெதுவாக ஓட்டுவதென்றால் டாப் கியரிலேயே திணறவிடுவது என்று சிலர் எண்ணிக்கொண்டார்கள். என் அபிப்பிராயத்தில், அதிவேகத்தைவிட அதுவே புது எஞ்சினுக்கு அதிகக் கேடு.

கியர் விஷயம் இன்னும் கடினம். அந்த ஜீப்புக்கு முன்னோக்கிய கியர் மூன்றே. அவற்றில் முதல் கியருக்குப் பற்களைத் தானாக இசைவிக்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது. போடி மெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் வேகம் விழுந்து இரண்டாம் கியர் இழுக்காமற் போனால், டிரைவர் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொணர்ந்து, காலை எடுத்து, ஆக்சிலேட்டரை ஒரு உறுமல் உறுமவிட்டு, மீண்டும் மிதித்து முதல் கியரைப் போடவேண்டும். இவ்வளவும் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டிருக்கும்போதே நடந்தாகவேண்டும். அந்த உறுமல் சற்றுக் குறைந்தாலும் பற்கள் கடிபடும் சப்தம் வண்டியிலுள்ள அத்தனை பேருக்கும் கேட்டுவிடும். கண்ணைவிடக் காதே அங்கே குருவாக இருந்தது.

இப்போதைய வண்டிகளில் முன்னோக்கிய கியர் எல்லாவற்றுக்கும் சிங்க்ரோமெஷ் உண்டு. ரன்னிங் இன் என்பதும் வண்டியோடு வரும் கைப்புத்தகத்தில் சில வரிகளாகச் சுருங்கிவிட்டது. ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்ற பழைய விதி மட்டும் மாறவில்லை. பிரேக்கையே நம்பி இறங்கினால் அது காய்ந்து பிடிப்பை இழப்பது இன்றும் அன்றுபோலத்தான். அகலம் போதாத மலைச்சாலையில் இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு வழிவிடவேண்டும் என்று 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகளே சொல்லியிருந்தும், உல்லாசப் பிரயாணிகள் பலர் அதை அறியார். அவர்கள் குறுக்கே வந்து நின்றால், தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிவரும் ஜீப்காரன் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைக்கச் சொல்லி, முதல் கியரில் மறுபடியும் கிளப்பவேண்டியதாகிறது.