பாசி சொன்ன பாடம்



நேற்று பேத்தி போனில் ஒரு வீடியோ காட்டினாள். கண்ணாடித் தட்டில் பாக்டீரியாக்கள் கூட்டம் கூட்டமாகச் சுழன்று ஓடுகின்றன. நம்ம பாம்பன் கடலில் சூடை மீன் கூட்டம் சட்டென்று திரும்புமே, அதே மாதிரி. தலைவன் யாரும் இல்லை. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பது போகும் திசையில் போகிறது, அவ்வளவுதான். அந்த எளிய விதியே போதும் என்று 1995-இல் ஹங்கேரி அறிஞர் விச்செக்கும் அவருடன் சேர்ந்தோரும் கணினியில் காட்டினார்கள். இந்த இயற்பியலின் முன்னோடிகளில் ஒருவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஸ்ரீராம் ராமசாமி. 2011-இல் இன்போசிஸ் பரிசு பெற்றவர்.

"தட்டில் இருக்கிற ஜெல்லி என்ன தாத்தா?" என்றாள். அகார். அதாவது, நோன்பு நாளில் கீழக்கரை வீடுகளில் செய்வார்களே, அந்தக் கடல்பாசி! நூறு மில்லி தண்ணீரை ஒன்றரை கிராம் அகார் கட்டிப் பிடித்துவிடும். அந்தக் கெட்டியில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் இருந்த இடத்திலேயே பெருகும். அரை கிராமாகக் குறைத்து இளக்கினால் சில வகைகள் கூட்டமாக ஓடத் தொடங்கும்.

இதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு குடும்பப் பெண், ஃபேன்னி ஹெஸ்ஸே. ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்தார் அவர் கணவர். ஜெலட்டின் வெயிலில் உருகுகிறது என்று கணவர் புலம்ப, ஜாவாவில் வாழ்ந்தவர்களிடம் கற்ற சமையல் பொருளான அகாரை 1881-இல் சொன்னவர் இவர்தான். மறு ஆண்டு காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் கோக் அகாரைக் குறிப்பிட்டார்; ஃபேன்னி பெயரைக் குறிப்பிடவில்லை.

எட்டாம் வகுப்பில் கோக்கைப் பற்றி வருஷா வருஷம் நடத்தினேன். அகார் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் நம்ம மன்னார் வளைகுடாவில் விளைவதை ஒருநாளும் சொன்னதில்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பள்ளிக்கு வராது. கேட்டால், "அம்மாவோட பாசி எடுக்கப் போனேன் சார்" என்னும். "பாசியா உனக்குப் பாடம் சொல்லித் தரும்?" என்று வெளியே நிறுத்தினேன். விரலெல்லாம் பாறை கிழித்த காயம். அந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டது.

1986-இல் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆன பிறகு பாசி எடுக்கும் பெண்களுக்குக் கெடுபிடி கூடியது. மாதம் 12 நாள்தான் எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலம் லட்சுமி 2015-இல் சீக்காலஜி பரிசு வாங்கினார். ஒரு பெயராவது உலகத்துக்குத் தெரிந்தது.

அம்மா, நீ எங்கிருந்தாலும் இதைப் படித்தால், உன் வாத்தியாரை மன்னித்துவிடு. பாசி பாடம் சொல்லித் தரும். எனக்குத்தான் தெரியவில்லை.

இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, கோக் பாடம் நடத்தும் நாளில் ஒரு கைப்பிடிப் பாசியை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். அதை எடுத்தவர் பெயரையும் சொல்லுங்கள்.