தாய் வீடும் லயத்து வீடும்

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு பலகை பெஞ்சு இருக்கிறது. பாட்டி வெங்காயம் உரிப்பது, காலையில் பசியாறுவது, மதியம் கண் அசருவது எல்லாமே அதில்தான். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் வெள்ளைச் சாயத்தில் 14 என்று எழுதியிருக்கும். கூலாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் முப்பது வருஷம் வாழ்ந்த லயத்து வீட்டின் எண் அது. தோட்டம் கைமாறி லயத்தைப் பிரித்தபோது தாத்தா பத்துப் பலகைகளை விலைக்கு வாங்கினார். அவற்றில் மிஞ்சியதுதான் இந்தப் பெஞ்சு.

நான் கட்டுமானப் பொறியாளன். ஸ்கூடாயில் படித்து, ஜொகூர் பாருவிலேயே வேலை பார்க்கிறேன். தொழிற்சாலையில் வார்த்த காங்கிரீட் சுவர்களை லாரியில் ஏற்றி, சைட்டில் கிரேன் வைத்து நிறுத்தி, அடுக்குமாடி எழுப்புவது எங்கள் வேலை. இதை ‘ஐபிஎஸ்’ என்பார்கள். தொழில்மயக் கட்டுமான முறை. பயிற்சி வகுப்புகளில் இதை எதிர்காலத்தின் தொழில்நுட்பம் என்றே அறிமுகப்படுத்துவார்கள். கூறு கூறாகச் செய்து பொருத்தும் வீடு, குறைந்த கழிவு, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டுவார்கள். முதல் ஒரு வருஷம் நானும் அப்படித்தான் நம்பினேன். பிறகுதான், இந்த மண்ணில் இது எவ்வளவு பழைய சங்கதி என்று தெரிந்தது.

மலாய்க் கம்பத்து வீட்டைப் பார்க்காத மலேசியர் இருக்க முடியாது. ஆனால் அது எப்படி நிற்கிறது என்று குனிந்து பார்த்தவர்கள் குறைவு. தூண்கள் மண்ணில் புதைந்திருக்காது. ஒவ்வொன்றும் ஒரு கல்லின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். தூணில் துளை, அதற்குள் நுழையும் விட்டத்தில் கழுந்து, இடைவெளியை இறுக்க ஓர் ஆப்பு. மலாய்த் தச்சர்கள் இந்த இணைப்பைத் ‘தங்கம்’ என்கிறார்கள். நம் பொன்னுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒலி ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். இரும்பு ஆணி தேவையில்லை. மழைக்கு மரம் உப்பினால் இணைப்பு இறுகும். வெயிலில் தளர்ந்தால் ஆப்பை இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

இந்த வீட்டின் நடுப்பகுதிக்குப் பெயர் ‘ருமா இபு’. நேராகத் தமிழில் சொன்னால் தாய் வீடு. புதிதாகக் கல்யாணமானவர்கள் முதலில் அதை மட்டும் கட்டுவார்கள். கையில் காசு சேர்ந்ததும் பின்னால் ‘ருமா டாபுர்’ என்ற சமையல்கட்டு, முன்னால் ‘செராம்பி’ என்ற திண்ணை, நடுவில் இணைப்பு நடை என்று ஒவ்வொன்றாகச் சேரும். கெடாவில் ஓர் ஊர்த்தலைவர் கட்டிய ‘ருமா பெங்ஹுலு அபு செமான்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1910 தொடங்கி 1930களின் தொடக்கம் வரை அது கட்டம் கட்டமாக வளர்ந்தது. பாழடைந்து கிடந்ததை 1990களில் மலேசிய மரபுரிமை அமைப்பான பாடான் வாரிசான் வாங்கி, பிரித்து, கோலாலம்பூர் ஸ்டோனர் சாலைக்குக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியது. இருபது வருஷம் வளர்ந்த வீட்டை அறுக்காமல் கழற்றிப் பூட்ட முடிந்திருக்கிறது. சின்ன வீடாக இருந்தால் கழற்றவும் வேண்டாம். ஊரே கூடித் தோளில் தூக்கிப் போய் வேறிடத்தில் வைக்கும். ‘உசோங் ருமா’ என்ற அந்த வழக்கத்தின் பழைய புகைப்படங்களில், ஒரு வீடு நூறு கால்களோடு நடந்து போவதைப் பார்க்கலாம்.

அளவு எடுக்கும் முறையும் அழகானது. ‘டெப்பா’ என்பது இரு கையையும் விரித்தால் வரும் நீளம். ‘ஹஸ்தா’ என்பது முழம். நம் ஹஸ்தம்தான் அது. பல ஊர்களில் அந்த வீட்டுப் பெண்மணியின் கையால்தான் அளப்பார்களாம். மனையடி சாஸ்திரம் பார்த்து அடிக்கணக்கு போட்ட நம் ஆட்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஆகவே கூறுகள் ஒரே மாதிரி இருந்தாலும் வீடுகள் ஒரே மாதிரி இருக்காது. ஒவ்வொரு வீடும் ஒரு உடம்புக்குத் தைத்த சட்டை.

கலை இந்த வீட்டில் மேலே ஒட்டிய அலங்காரமாக இல்லை. சுவரின் மேற்பகுதியிலும் சன்னலுக்கு மேலும் கொடியும் பூவுமாகக் குடைந்த பலகைகள் இருக்கும். வெப்பக் காற்று வெளியேறும் வழி அதுவே. வெயிலும் அதன் வழியாகச் சல்லடைபோலச் சலித்து உள்ளே வரும். தரையில் உட்காருபவர்களுக்கும் காற்று படவேண்டும் என்று சன்னல்கள் தரைவரை நீளும். நீப்பா ஓலைக் கூரை வெப்பத்தைத் தேக்கி வைக்காது, சூரியன் இறங்கினால் அதுவும் ஆறிவிடும். லிம் ஜீ யுவான் 1987இல் பினாங்கிலிருந்து வெளியிட்ட ‘தி மலாய் ஹவுஸ்’ நூலில் இதையெல்லாம் வரைபடங்களோடு விளக்கியிருக்கிறார். நவீன வீட்டுவசதித் திட்டங்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ளாமல் போனதே அவருடைய ஆதங்கம். என் பல்கலைக்கழகத்திலேயே இத்தகைய வீடுகளை அளந்து வரைந்த ஏடுகளைக் காக்கும் ‘காலாம்’ என்ற மையம் இருக்கிறது. நாலு வருஷம் அதைக் கடந்து போயிருக்கிறேன், உள்ளே நுழைந்ததில்லை.

இனி லயத்துக்கு வருவோம்.

ஜொகூர் ரயில் பாதை 1909இல் முடிந்தது, சிங்கப்பூர்த் தாம்போதி 1924இல் திறந்தது. இந்த இரண்டையும் ஒட்டி ரப்பர் தோட்டங்கள் பெருகின. தோட்டத்துக்கு ஆள் வேண்டும், ஆளுக்குக் கூரை வேண்டும். அதற்குத் தோட்ட நிர்வாகங்கள் கண்ட விடை லயம். ஒரே நீளக் கூரை, அதன் கீழ் ஒரே அளவு அறைகள், அறைக்கு ஓர் எண். பொறியாளன் கண்ணால் பார்த்தால் இதுவும் கூறு வீடுதான். ஒரு அளவைத் தீர்மானித்து அதைத் திரும்பத் திரும்ப அடுக்குகிறோம். பல இடங்களில் தூண்மேல் நின்ற மரக் கட்டடம். கீழே கோழி, விறகு, ஊஞ்சல். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பத்து வீட்டுக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம்.

ஆனால் அளந்த கை வேறு. இங்கே எந்தப் பெண்ணின் முழமும் அளவாகவில்லை. எத்தனை பேருக்கு எவ்வளவு பலகை என்பதே கணக்கு. குடும்பம் வளர்ந்தாலும் அறை வளராது. “மூணு பிள்ளைக்கும் அதே ரூம்தான், ஆறு பிள்ளைக்கும் அதே ரூம்தான். அண்ணன் கல்யாணத்துக்கு நடுவுல சேலைய கட்டித் தடுத்தோம்” என்பார் அம்மா. வேலை போனால் வீடும் போகும். ஆப்பைத் தட்டும் உரிமைகூடக் குடியிருப்பவருக்கு இல்லை. கூரை ஒழுகினால் கிராணியிடம் போய்ச் சொல்ல வேண்டும். இருந்தும் பாட்டியின் தலைமுறை வாசலில் கோலம் போட்டது, வேலியோரம் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டது, பலகைச் சுவரில் காலண்டர் சாமி படங்களை ஒட்டியது. கட்டியவன் வைக்காத கலையைக் குடிவந்தவர்கள் வைத்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு இதே கேள்வியை நகரத்தில் எதிர்கொண்டது. 1960களில் கோலாலம்பூர் பெக்கெலிலிங்கில் டென்மார்க் முறையிலும், பினாங்கு ரைபிள் ரேஞ்சில் பிரெஞ்சு முறையிலும் காங்கிரீட் பலகைகளை அடுக்கி அடுக்குமாடிகள் எழுந்தன. பெக்கெலிலிங்கில் மட்டும் பதினேழு மாடிகளில் ஏழு கட்டடங்கள், ஏறத்தாழ 3,000 வீடுகள். புறம்போக்குக் குடிசைகளில் இருந்தவர்களுக்குக் குழாய்த் தண்ணீரும் கக்கூஸும் தந்த வீடுகள் அவை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. இன்று பெக்கெலிலிங் கட்டடங்கள் இல்லை. இடித்து அள்ளியாகிவிட்டது. பிறகு 2003இல் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் ஐபிஎஸ் திட்ட வரைவை வெளியிட்டது. 2008 முதல் அரசுக் கட்டடங்களுக்கு 70 புள்ளி ஐபிஎஸ் கட்டாயமானது. என் வேலையே அந்த வரிசையில் வந்ததுதான்.

கூறு வீட்டைக் கலையாகவே செய்து பார்த்தவர்களும் உண்டு. கிஷோ குரோகாவா 1972இல் தோக்கியோவில் கட்டிய நாககின் கோபுரம் அதில் புகழ்பெற்றது. 140 பெட்டி அறைகள், ஒவ்வொன்றும் நான்கு போல்ட்டில் தொங்கும். 25 வருஷத்துக்கு ஒருமுறை பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டலாம் என்பது திட்டம். ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை. கீழே இருப்பதைக் கழற்ற மேலே இருப்பதை எடுக்கவேண்டும். அதற்கு எல்லா உரிமையாளர்களும் ஒத்துவர வேண்டும், பணமும் வேண்டும். 2022இல் கோபுரத்தைப் பிரித்துவிட்டார்கள். இருபத்து மூன்று பெட்டிகள் மட்டும் காப்பாற்றப்பட்டன. கம்பத்துத் தச்சர் இதைக் கேட்டால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். ஒரு வீடு கூறாகச் செய்யப்பட்டதா என்பது பாதிக் கேள்வி. அதைக் கழற்ற முடியுமா, யார் கழற்றலாம் என்பது மீதி. நாங்கள் சைட்டில் இரண்டு பலகைகளைச் சேர்த்ததும் இடுக்கில் கிரவுட் கலவையை ஊற்றி அடைக்கிறோம். பலமான இணைப்பு, பதினெட்டு மாடிக்கு அது வேண்டும். ஆனால் அந்தக் கணத்தோடு அது கூறு வீடு என்ற தன்மையை இழந்துவிடுகிறது. இனி அதைப் பிரிக்க ஒரே வழி உடைப்பதுதான். பிறக்கும்போது மட்டும் கூறாக இருந்து, வாழும்போதும் சாகும்போதும் கற்பாறையாக இருக்கும் ஒன்றைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

எல்லாரும் செங்கால் மரத்தில் வீடு கட்டுவோம் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு காடு நம்மிடம் மிச்சமில்லை. மாடிகளும் தேவைதான். குறைந்தபட்சம் உள்சுவர், படி, ஒற்றை மாடிக் கட்டடங்களையாவது கழற்றும்படி இணைக்கலாம். எங்கள் அடுத்த திட்டத்தில் காவலர் கூடமும் குப்பைக் கூடமும் வருகின்றன. அவற்றைக் கிரவுட் இல்லாமல் போல்ட்டு போட்டே இணைக்கலாம் என்று வரைந்து கொடுத்திருக்கிறேன். “குப்பை ரூமுக்கா இவ்வளவு யோசனை?” என்றார் மேலதிகாரி. வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன வாரம் பாட்டியிடம் கேட்டேன், பத்துப் பலகையை வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்று தாத்தாவை அன்றைக்கு யாரும் கேட்கவில்லையா என்று.

“நாந்தான் கேட்டேன். முப்பது வருஷம் இருந்தோம், வீடுதான் நம்மளுது இல்ல, பலகையாச்சும் இருக்கட்டும்னாரு.”

பெஞ்சின் ஓரத்தில் இரண்டு போல்ட்டுத் துளைகள் இருக்கின்றன. லயத்துச் சட்டத்தில் பலகையைப் பிடித்திருந்தவை. ஒன்றைத் தாத்தா மரக்கட்டை வைத்து அடைத்திருக்கிறார். இன்னொன்றில் பாட்டி ஊதுபத்தி செருகி வைக்கிறார்.