நோன்பிற்கு முந்திய நகைப்பு

ஜேர்மனி நாட்டில் மாசி மாதக் குளிரிடையே மக்கள் முகமூடி புனைந்து, மணிகள் ஒலிக்க வீதிதோறும் ஆடித்திரியும் விழா ஒன்றுண்டு. றைன் நதிக்கரையில் அதனைக் கார்னிவல் என்பர். பவேரியாவிலே பாஷிங் என்பர். தென்மேற்கிலே பாஸ்நாக்ட் என்பர். பெயர் பலவாயினும் வேர் ஒன்றே.

அவ்வேர் யாது? கிறிஸ்தவத்திற்கு முற்பட்ட ஜேர்மானியர் பனிக்காலப் பேய்களை விரட்டிய சடங்கின் எச்சமே இது என்றனர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் பலர். கேட்பதற்கு இனிய கதை. பின்னர் நாசிக் கட்சியினரும் அதனைத் தம் இனப்பெருமைக்குச் சான்றாக்கிக் கொண்டனர். ஆனால், ஆதாரம் எங்கே என்று வினவினால் இடையிலே பல நூற்றாண்டுகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. 1960களில் தியூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர் பழைய ஏடுகளைத் துருவி ஆராய்ந்து அக்கொள்கையை மறுத்தனர். பழமை மிகுந்தாற் பெருமையும் மிகும் என்று எண்ணும் பலவீனம் ஜேர்மனியர்க்கு மட்டும் உரியதன்று.

விடை பெயரிலேயே உள்ளது. 'பாஸ்ட்' என்பது நோன்பு. 'நாக்ட்' என்பது இரவு. விபூதிப் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிறு வரை தபசுகாலம். மத்திய காலத்திலே இறைச்சி மட்டுமன்று. பால், வெண்ணெய், முட்டை, விலங்குக் கொழுப்பு யாவும் அக்காலத்தில் விலக்கு. வீட்டிலுள்ளவற்றை அதற்குமுன் உண்டு தீர்த்தல் வேண்டும். கொழுப்பிலே பொரித்த பணியாரங்கள் இவ்விழாவிற்கு உரியனவானது இவ்வாறே. குடியானவர் நிலக்கிழார்க்குச் செலுத்திய கோழிவரிக்கும் 'பாஸ்நாக்ட் கோழி' என்றே பெயர். செலவோ பெரிது: கொலோன் நகரவை இவ்விழாவிற்குப் பொதுப்பணம் கொடுப்பதில்லை என்று 1341ஆம் ஆண்டிலேயே முடிவு செய்தது!

நாற்பது நாள் தொழில் முடங்கப்போகும் இறைச்சி வணிகரே நூரென்பேர்க் நகரில் விழாவின் நாயகராய் விளங்கினர். அவர்கள் ஆட, முகமூடி வீரர் காவலாக ஓடினர். 'செம்பார்ட்' எனப்பட்ட இவ்வோட்டம் 1449ஆம் ஆண்டு முதல் நடந்தது. நாளடைவில் செல்வர் வீட்டு இளைஞர் இறைச்சி வணிகர்க்குப் பணங்கொடுத்து ஓடும் உரிமையைப் பெற்றனர். ஊர்வலத்திலே 'நரகம்' என்றொரு பெருஞ்சட்டகம் இழுத்து வரப்படும். ஓராண்டு அது கோட்டை, ஓராண்டு யானை. முடிவிலே அதனைத் தாக்கி எரிப்பர்.

1525இல் நகரம் லூதரின் சீர்திருத்தத்தை ஏற்றது. நோன்பே நீங்கியபின் நோன்பிரவுக்கு என்ன பொருள்? ஓட்டம் நின்றது. பல ஆண்டுகளின் பின், 1539இல், அதனை மீண்டும் நடத்தினர். அவ்வாண்டு நரகம் மூடரின் கப்பலாக வந்தது. அதிலே, கையிற் சூதாட்டப் பலகையுடன் ஒரு போதகரின் உருவம் நின்றது. விழாவைக் கடிந்து பேசிவந்த அன்ட்ரியாஸ் ஒசியாண்டரே அவர் என்பதை அறியாதார் இலர். கூட்டம் அவர் வீட்டையும் தாக்கியது. அவர் முறையிட, நகரவை ஓட்டத் தலைவர்களைச் சிறையிலிட்டு, ஓட்டத்தை அடியோடு தடைசெய்தது.

நகரத்துக் குடும்பங்கள் அதனை மறந்துவிடவில்லை. ஆண்டுதோறும் வீரர் அணிந்த உடையின் நிறத்தையும் தலைவரின் பெயரையும் வண்ணச் சித்திர ஏடுகளிலே எழுதுவித்து, தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தன. அவற்றுட் பல இன்றும் ஐரோப்பிய நூலகங்களில் உள்ளன.